நிமிர்ந்தவள் போட்ட குலவை

நண்டும் கொக்கும் நம்மைப் போலவே வாய் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடவு நடும் பெண்கள் நிமிர்வதே இல்லை. பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மையாகவே நிமிர்வதில்லை. காலையில் வயலில் இறங்கிக் குனிந்தால், பொழுது சாய்ந்து கரையேறும்போதும் அதே குனிவுதான். கஞ்சி குடிப்பதும் குனிந்துதான், வீட்டுக்கு நடப்பதும் குனிந்துதான். நட்ட நாற்று வேர் ஊன்றிப் பச்சை பிடிக்க எட்டு, பத்து நாள் ஆகும் இல்லையா, அதுவரை ஒருத்தியும் இடுப்பை நிமிர்த்தக் கூடாது. ஒரு வயல் பச்சை பிடிப்பதற்குள் அடுத்த வயல் நடவு வந்துவிடும். இப்படியே ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை போனால் முதுகு என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

ஆண்கள் ஏர் பிடித்து நிமிர்ந்தபடி நடந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. கேட்டால், "அது பொம்பளைங்க விஷயம், நமக்கெதுக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

சட்டம் போட்டது யார் தெரியுமா? ஒரு நண்டு.

வயலோரத்தில் வாழ்ந்த கிழட்டு நண்டு அது. ஒரு வருஷம், நட்ட மறுநாளே நாற்றெல்லாம் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து தண்ணீரில் மிதந்தது. பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது இந்த நண்டு வரப்பின் மேல் ஏறி உட்கார்ந்து, ரொம்பவும் வருத்தப்படுவது போல மெல்லப் பேசியது.

"உங்களுக்கு விவரம் பத்தலை தாயி. நாத்துன்னா என்ன? நாத்தங்கால்லேருந்து பிடுங்கிட்டு வந்த பச்சைப் புள்ளை. புது இடம், புதுச் சேறு. நட்டவ முகத்தைப் பாத்துக்கிட்டுத்தான் அது தைரியமா நிக்கும். நீங்க பாட்டுக்கு நட்டதும் முகத்தைத் தூக்கிட்டா, ஏங்கிப் போய் விழுந்துடுது. இன்னொண்ணும் சொல்றேன், கொக்கை வயல் பக்கமே விடாதீங்க. அதோட மூக்கு பட்ட நாத்து பிழைக்காது."

பிள்ளை பெற்றவளுக்கு இது உறைக்காமல் இருக்குமா? தொட்டிலில் கிடப்பது அம்மா முகம் மறைந்தால் எப்படி அலறும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். "ஐயோ பாவம், நாமதானே காரணம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நண்டுக்கு நண்டார் என்று மரியாதையாகப் பெயரும் வைத்தார்கள். அடுத்த வருஷம் எல்லோரும் குனிந்தே நட்டார்கள். அப்போதும் நாற்று சாய்ந்தது. நண்டார் சொன்னது தப்பாக இருக்குமோ என்று ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. "எவளோ ஒருத்தி திருட்டுத்தனமா நிமிர்ந்திருக்கா" என்று ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டார்கள். சட்டம் இன்னும் இறுகியது. நிமிர்ந்தவளுக்கு இனி எந்த வயலிலும் வேலை கிடையாது, அவள் வீட்டுக்குக் கூலி நெல் ஒரு மரக்கால் கூடக் கிடையாது என்று முடிவானது.

அந்த ஊரில் முப்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பார்த்தால் மடித்து வைத்த பாய் மாதிரி இருப்பாள். கழுத்து முன்னால் நீண்டு, தோள் இரண்டும் உள்ளே சுருண்டு, எதிரில் வருகிறவனை அவன் காலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்வாள். வீட்டுக்கு வீடு நொச்சி இலை கொதிக்கும் வாசம் வரும். விளக்கெண்ணெய் தேய்ப்பார்கள், சுடுமணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். வலி கொஞ்சம் அடங்கும். விடிந்ததும் மறுபடி அதே குனிவு, மறுபடி அதே வலி. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அந்த வைத்தியமெல்லாம்.

அவர்களில் ஒருத்தி காத்தாயி. புருஷன் இல்லாதவள். ஒரே மகள் செவந்தி. காத்தாயிக்குக் கழுத்து வலி வந்தால் பின்மண்டையில் ஏறி, தோளில் இறங்கி, விரல் நுனி வரை விண் விண்ணென்று தெறிக்கும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் இருப்பதுதானே என்று இருந்தாள். செவந்திக்குப் பதினாறு நடந்த வருஷம்தான் அவளுக்குத் திக்கென்றது. அந்த ஊரில் பதினாறு முடிந்தால் பெண் வயலில் இறங்க வேண்டும். செவந்தி நல்ல உயரம், நேரான முதுகு. தலையில் விறகுக்கட்டை வைத்துக்கொண்டு கையை வீசி நடந்து வருவாள். உட்கார்ந்தபடி ஓரக் கண்ணால் மகளைப் பார்க்கும்போதெல்லாம், வருகிற ஆடியோடு இந்த நடை போச்சே என்று காத்தாயிக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் காத்தாயி வாய்க்காலில் பானை விளக்கிக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையில் ஒரு கொக்கு நின்றது. அவள் விட்டு வைப்பாளா? மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். கட்டி பாதி தூரம்கூடப் போகாமல் தண்ணீரில் விழுந்தது.

"இன்னும் நாலு கட்டி எறி அக்கா. அப்பவாவது அந்தத் தோளு கொஞ்சம் விரியட்டும்" என்றது கொக்கு.

"என் தோளைப் பத்தி உனக்கென்ன? நாத்தைப் புடுங்குறதுக்குத்தானே வந்து நிக்கிறே?"

"நாத்தைப் புடுங்கி நான் என்ன பொங்கலா வைக்கப் போறேன்? எனக்கு மீனு, தவளை, நண்டு. புல்லு பூண்டெல்லாம் வாயில வைக்க மாட்டேன்" என்ற கொக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே குனிந்து ஒரு அயிரை மீனைக் கொத்தியது. உடனே கழுத்தை நேராக மேலே நீட்டி, இப்படியும் அப்படியும் பார்த்தது.

காத்தாயிக்குப் பொறாமையாக இருந்தது. "உனக்குக் கழுத்து வலிக்காதா? நாளெல்லாம் தண்ணியிலே குனிஞ்சுதானே நிக்கிறே?"

"நல்லாக் கேட்டே போ. இத்தனை நீளக் கழுத்தை வச்சுக்கிட்டு நான் உன்னை மாதிரி இருந்தா என்னைக்கோ செத்திருப்பேன். நான் குனியறேன் அக்கா. ஆனா குனிஞ்சே கிடக்கிறதில்லை. மீனு கிடைச்சாலும் நிமிருவேன், கிடைக்கலைன்னாலும் நிமிருவேன். நீ நிமிர்ந்து எத்தனை வருஷமாச்சு?"

காத்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். செவந்தி பிறந்த வருஷம்தான் கடைசியாக வானத்தை முழுசாகப் பார்த்த ஞாபகம். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "இனிமே நிமிர முடியுமா?"

"ஒரே நாள்ல முடியாது. தை பொறந்து அறுப்பும் முடிஞ்சாச்சு. ஆடி வரைக்கும் உனக்கு வேலையில்லை. அதுக்குள்ள பாக்கலாம்."

கொக்குக்குத் தன் கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் சந்தோஷமாகவே சொல்லிக் கொடுத்தது. வாய்க்கால் கரையில் ஒரு பூவரச மரம். குதிகால், இடுப்பு, தோள், பின்தலை நான்கும் அந்த மரத்தில் ஒட்டும்படி நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு என்ன சுலபம்! முதல் நாள் காத்தாயிக்குக் குதிகாலும் இடுப்பும் மட்டும்தான் ஒட்டின. தோள் வரவே மாட்டேன் என்றது. தலைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. வேகமாகத் தள்ளினாள், சுளீர் என்று இழுத்துக்கொண்டது.

"மல்லுக்கட்டாதே அக்கா. வலிக்கிறதுக்கு ஒரு விரக்கடை முன்னாலேயே நின்னுக்க. தாடையைத் தூக்காம உள்ளே இழு. பத்து மூச்சு விடு. போய்க் கஞ்சி குடிச்சுட்டு மறுபடி வா."

தினமும் வந்தாள். மாசியில் ஒரு நாள் தோள் மரத்தைத் தொட்டது. பங்குனியில் ஒரு வாரம் வலி முன்னைவிட அதிகமாகி, "இந்தப் பாழாப்போன கொக்கு பேச்சைக் கேட்டேனே" என்று திட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். நாலாம் நாள் எழுந்து மறுபடி போனாள். சித்திரையில் தலைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண். வைகாசியில் நாலு விரக்கடை. இதற்கிடையில் ஒரு நாள், வீட்டில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த சொம்பை எடுத்தாள். எடுத்த பிறகுதான் உடம்பு முழுவதும் திரும்பாமலேயே எடுத்தோம் என்று உறைத்தது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தன்னந்தனியே சிரித்தாள். ஆனி கடைசியில் பின்தலையும் பூவரச மரத்தைத் தொட்டது. தெருவில் நடக்கும்போது மட்டும் பழையபடி குனிந்தே நடந்தாள். நேரான முதுகைப் பார்த்தால், போன நடவில் திருட்டுத்தனமாக நிமிர்ந்தவள் இவள்தான் என்று வேலை போய்விடுமே!

ஆடி வந்தது. நடவு நாளும் வந்தது. பதினெட்டுப் பெண்கள் வயலில் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவி ராக்கு. வாயைத் திறந்தால் மூன்று வயலுக்குக் கேட்கும். முப்பது வருஷமாக அவள் நட்ட நாற்றுக்குக் கணக்கில்லை, அவள் நிமிர்ந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. அந்த ஊரிலேயே அதிகம் வளைந்த முதுகும் அவளுடையதுதான். பாவம், அதை அவள் பெருமையாக வைத்திருந்தாள்.

செவந்தி அம்மா பக்கத்தில் நின்று நட்டாள். நடவு என்பது பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவது. நட்ட பயிரெல்லாம் எதிரில்தான் இருக்கும். ஆனால் குனிந்து கிடப்பவளுக்குத் தன் கையைத் தாண்டி இரண்டு முழத்துக்கு மேல் எதுவும் தெரியாது. உச்சி வெயில் ஏறியபோது செவந்தியின் கை தளர்ந்தது.

"அம்மா, கழுத்து வெட்டி எடுக்குதும்மா. ஒரே ஒரு தடவை நிமிர்ந்துக்கறேனே."

ராக்கு காதில் விழுந்துவிட்டது. "என்னடி சொன்னே? நிமிர்றதா? முதல் நாள் அப்படித்தான் இருக்கும். பத்து நாள்ல பழகிடும்."

"பழகினா என்னக்கா ஆகும்?" என்றாள் காத்தாயி, நாற்றை ஊன்றியபடியே.

"என்ன ஆகும்? எங்களை மாதிரி ஆவா. எல்லாரும்தானே ஆனோம்? உம் மவ என்ன மேலேருந்து குதிச்சவளா?"

செவந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நாற்றுமுடியைப் பிரித்து நட்டாள். பிறகு அவளால் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து எழப் போனாள். "ஏய், ஏய்! பாவி, நாத்து போயிடும்டி!" என்று நாலு பக்கமும் கூச்சல் கிளம்பியது.

காத்தாயி சேற்றுக் கையால் மகளின் முதுகை அமுக்கினாள். "நீ நிமிராதே செவந்தி. பேர் கெட்டா என் பேர் கெடட்டும். நான் நிமிர்றேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம், தோளில் ஒரு சத்தம், கடைசியில் கழுத்து. பதினேழு பெண்களும் நடவை நிறுத்திவிட்டார்கள். கூலி நெல் போச்சு, வேலை போச்சு, இந்த வருஷம் நானும் என் மகளும் என்ன தின்போம் என்று காத்தாயி பயந்தாள். ஆனாலும் அவள் மறுபடி குனியவில்லை. கண்ணைத் திறந்து எதிரே பார்த்தாள்.

காலையிலிருந்து நட்ட வயல் முழுவதும் தெரிந்தது. வரிசை வரிசையாக, பச்சைப் பசேலென்று, எத்தனை அழகு! பிள்ளைகள் ஏங்கி விழுகின்றனவா என்று தேடினாள். ஒன்றும் விழவில்லை. எல்லாம் தன்பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நடு வயலில் மட்டும் ஒரு வட்டம் காலியாகக் கிடந்தது. அந்த வட்டத்தின் ஓரத்தில் நண்டார் சாவகாசமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்றாகக் கொடுக்கால் பிடித்து, அடியில் நறுக் நறுக்கென்று கத்தரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மென்றது கால் பங்கு, வீணடித்தது முக்கால் பங்கு.

காத்தாயி கத்த வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கோபமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கி ஏறின. தலை மேலே போனது, நெஞ்சு விரிந்தது, நாக்கு மட்டும் வாய்க்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"லுலுலுலுலுலுலு!"

அந்த ஊர் அதுவரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. வாய்க்காலில் நின்ற கொக்கு அது காத்தாயியின் குரல் என்று தெரிந்து ஒரே பாய்ச்சலாகப் பறந்து வந்தது. நண்டு நிமிர்ந்து பார்த்தது. கொடுக்கில் நாற்றை வைத்துக்கொண்டே, "பாத்தியா தாயி, நீ நிமிர்ந்தே, நாத்து சாஞ்சுடுச்சு!" என்றது. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? கொக்கு சடாரென்று இறங்கி ஒரு கொடுக்கைக் கவ்வியது. கொடுக்கு அலகோடு வந்தது. நண்டு மிச்சக் கால்களால் பக்கவாட்டில் விழுந்தடித்து ஓடி, வரப்பைத் தோண்டி உள்ளே புகுந்துகொண்டது. மானம் போனவர் பிறகு வாயே திறக்கவில்லை. இப்போதும் நண்டுக்குப் பேச வாயெடுத்தால் நுரைதான் வருகிறது.

"எங்கடி? என்னடி நடக்குது?" என்று ராக்கு கத்தினாள். அவளுக்குச் சேறும் கையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நண்டா? எந்த நண்டு? என்னைத் தூக்குங்கடி, நானும் பாக்கணும்!"

காத்தாயி ஒரு பக்கமும் செவந்தி ஒரு பக்கமுமாக ராக்குவின் தோளைப் பிடித்தார்கள். முழுதாக நிமிர்த்த முடியவில்லை. அவள் இடுப்பைத் தங்கள் மேல் சாய்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வளைத்தார்கள். "அம்மாடி, அம்மாடி" என்று முனகிக்கொண்டே ராக்கு கண்ணை மேலே தூக்கினாள். காலியான வட்டம் தெரிந்தது. அடியில் நேராகக் கத்தரித்த நாற்றுகள் மிதப்பது தெரிந்தது. கொக்கின் வாயில் நண்டின் கொடுக்கு தெரிந்தது.

"முப்பது வருஷம்டி காத்தாயி" என்றாள் பிறகு. அந்த மூன்று வயல் குரல் அன்றைக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும்தான் கேட்டது. "எம் மவ ரெண்டு பேரையும் நானே அடிச்சுக் குனிய வச்சேனேடி."

அவள் அழுதாள். சேற்றுக் கையால் கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் சேறானது. செவந்தி தன் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டாள். "பெரியம்மா, ஆறு மாசம்தான் ஆகும். எங்கம்மா வாய்க்கால் கரை மரத்துல ஒட்டி நின்னு நின்னே நிமிர்ந்துட்டாங்கல்ல? உங்களுக்கும் அந்த மரம் இருக்கு" என்றாள். ராக்கு அழுகையோடு சிரித்தாள். "இவ ஒருத்தி, வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு வேலை வைக்கிறா."

மிச்ச வரிசையை அன்றே நட்டு முடிக்க வேண்டுமே, சேற்றிலேயே நின்றுகொண்டிருந்தால் ஆகுமா? ராக்கு மறுபடி தலைவியானாள். "இங்க பாருங்கடி. குனிஞ்சுதான் நடணும், அதுல மாத்தம் இல்லை. ஆனா ஒரு வரிசை முடிஞ்சா எல்லாரும் நிமிரணும். நிமிராதவளுக்குத்தான் இனிமே வேலை கிடையாது. யாரு உண்மையா நிமிர்ந்தா, யாரு ஏமாத்தறான்னு எனக்கு எப்படித் தெரியும்? காத்தாயி ஒரு சத்தம் போட்டாளே, அதைப் போடுங்க. அது குனிஞ்சுக்கிட்டுப் போட்டா நல்லாவே வராது."

முயன்று பார்த்தார்கள். குனிந்தபடி போட்டவளுக்கு வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தது. தலையைத் தூக்கி, நெஞ்சை விரித்துப் போட்டவளுக்கு ஊரே கேட்கும்படி வந்தது. கொக்கும் தன் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து வரப்பில் நிறுத்தியது. சத்தம் கேட்டால் நண்டு பிடிக்கலாம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த வருஷ நடவில் ஒரு நாற்று கூடச் சாயவில்லை.

ராக்குவுக்கு முதுகு முழுதாக நேராகவில்லை, அத்தனை வருஷத்துக் கூனல் அது. ஆனால் அடுத்த தைக்குள் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது, மல்லாந்து படுத்துத் தூங்க முடிந்தது. பூவரச மரத்தில் தலை ஒட்டுவதற்கு இன்னும் இரண்டு விரக்கடைதான் பாக்கி என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

காத்தாயி அந்த ஆடியில் பயந்துகொண்டே நிமிர்ந்தாளே, அந்த நாள் தொட்டுத்தான் நடவு வயலில் குலவை எழும்புகிறது. அதைக் கேட்டுக் கொக்குகள் வந்து வரப்பில் நிற்கின்றன. நம் பெண்களும் ஒரு வரிசை முடிந்தால் இடுப்பில் கையை ஊன்றி, நிமிர்ந்து, வானத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குக் குனிகிறார்கள்.